கதவுக்கு வெளியே கேட்ட குளியல்

மேடையில் சொல்லும் கதையில் பெரியவள் எல்லாவற்றையும் மாற்றியிருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவளைப் பள்ளிக்கூட டீச்சர் ஆக்கியிருந்தாள். பெண் குழந்தையை ஆண் குழந்தை ஆக்கியிருந்தாள். இரண்டாவது மாடி வீட்டைத் தரைக்கு இறக்கி, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் கணவனைக் கப்பலில் ஏற்றி அனுப்பியிருந்தாள். கதை கட்டுவதில் சின்ன வயதிலிருந்தே அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் எவ்வளவு கெட்டிக்காரத் திருடனும் ஒன்றை விட்டுவிட்டுத்தான் போவான். அவளும் ஒன்றே ஒன்றை மாற்றாமல் விட்டுவிட்டாள். மாற்ற அவளுக்கு மனசு வரவில்லை. கூட்டம் சிரிப்பதே அந்த இடத்தில்தான்.

பிரசவ ஆஸ்பத்திரியின் மேல்மாடி ஹாலில் அன்றைக்கு உட்கார இடமில்லை. 'குழந்தை பிறந்த பின் வரும் மனச்சோர்வு' என்று பெரிய எழுத்தில் துணி கட்டியிருந்தார்கள். மைக் இரண்டு முறை வீறிட்டு அடங்கியது. அந்த ஆஸ்பத்திரியில் தாய்மார்களுக்கு ஆலோசனை சொல்கிறவள் பெரியவள். வார்டுகளில் பத்துப் பேரை உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தவளுக்கு இதுதான் முதல் பெரிய மேடை. 'எல்லாரும் வாங்க, முன்னாடி நாற்காலி போட்டு வைக்கிறேன்' என்று தங்கை வீட்டுக்குப் போன் செய்திருந்தாள்.

அந்த முன் நாற்காலியில்தான் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் குழந்தை. பிறந்து ஏழு மாதமாகியும் தலையில் நாலு முடிக்கு மேல் முளைக்காததால் வீட்டில் குழந்தைக்கு மொட்டை என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒரு பக்கம் கணவன். மறு பக்கம் அத்தை, அதாவது அவனுடைய அம்மா. அத்தை வர மறுத்தார். 'எனக்கு எதுக்கும்மா, நான் பெத்து வளத்து ஆச்சு' என்றவரைச் சின்னவள்தான் வற்புறுத்தி, முட்டிவலிக்கு இதமாக ஆட்டோ பிடித்துக் கூட்டிவந்தாள். அதற்கு அவள் மனதில் ஒரு கணக்கு இருந்தது. இப்படி ஒரு நோய் இருக்கிறது என்று முதலில் அத்தை காதில் விழட்டும். பிறகு ஒருநாள், சாவகாசமாக, 'எனக்கும் இருந்தது அத்தை' என்று தானே சொல்லிவிடலாம். தன் கதையைத் தன் வாயால் சொல்ல வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. பெரிய ஆசை ஒன்றும் இல்லை.

மேடையில் பெரியவள் குரலைத் தாழ்த்தினாள். "எனக்குத் தெரிஞ்ச ஒரு டீச்சரம்மா. அவங்களுக்கு ஒரு ஆண் குழந்தை. தினமும் காலையில அந்த அம்மா குழந்தையத் தூக்கிட்டுக் குளியலறைக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்குவாங்க."

சின்னவளுக்குக் காது சூடாகியது.

நடந்தது என்னவென்றால் இதுதான். கடையின் பின்கட்டில் சின்னவள் செய்வது நெஞ்சு பதறும் வேலை. சுற்றும் கல்லில் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். வட்ட லென்ஸை இரண்டு விரலால் பிடித்து, பிரேமின் அளவுக்கு ஓரத்தைத் தேய்த்து எடுக்க வேண்டும். ஈரமான லென்ஸ் வழுக்கும். இத்தனை வருஷத்தில் அவள் கையிலிருந்து ஒன்றுகூட நழுவியதில்லை. 'உன் கைக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கணும்' என்று முதலாளி கேலி செய்வார். அந்தக் கையை நம்பித்தான் அவள் குழந்தையையும் தூக்கினாள். பிறந்து சில வாரம் கழித்து, ஒருநாள் குளிப்பாட்டும்போது, எங்கிருந்தோ ஒரு நினைப்பு வந்தது. இந்தக் கை விட்டுவிடும். விட்டுவிடுவது மட்டும் இல்லை, அமுக்கிவிடும்.

அவ்வளவுதான். வந்தது போகவில்லை. டப்பைப் பார்த்தால் வந்தது, வாளியைப் பார்த்தால் வந்தது. தூக்கம் போனது, பசி போனது, குழந்தையைப் பார்த்தால் ஆசைக்குப் பதில் பயம் வந்தது. யாரிடம் சொல்வது? பெற்ற பிள்ளையைப் பற்றி இப்படி ஒரு நினைப்பு வருகிறது என்று எந்தத் தாய் வாய் திறப்பாள்? அத்தைக்கு முட்டி மடங்காது, குனிந்து குளிப்பாட்ட முடியாது. கணவன் விடியும்போதே வேலைக்குப் போய்விடுவான். ஆகவே அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். குளியலறைத் தரையின் காய்ந்த மூலையில் துண்டை விரித்து மொட்டையைப் படுக்கவைப்பாள். ஈரத்துணியால் தலை முதல் கால் வரை துடைத்தெடுப்பாள். துடைத்துக்கொண்டே இன்னொரு கையால் வாளித் தண்ணீரை மொண்டு மொண்டு எதிர்மூலையில் ஊற்றுவாள். வெளியே கேட்கிறவர்களுக்குக் குழந்தை ஜம்மென்று குளிக்கிற சத்தம்.

வெளியே கேட்டுக்கொண்டிருந்தது அத்தை. பூத்துவாலையும் பவுடர் டப்பாவுமாகக் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். தண்ணீர்ச் சத்தம் நிற்காமல் கேட்டால் தினமும் அதே கேலி: "போதும்மா, மீன் வளக்கப் போறியா?" உள்ளே சின்னவளும் தினமும் அதே பதில் சொல்வாள்: "இதோ முடிஞ்சிருச்சு அத்தை." சொல்லிவிட்டு அழுவாள். அழுகைச் சத்தத்துக்கும் அந்தத் தண்ணீர் உதவியது.

இந்த நினைப்பை அவள் உலகத்தில் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னாள். பெரியவள் வீட்டுச் சமையலறையில், அக்கா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கும்போது, முகத்தைப் பார்க்காமல், குழாயைப் பார்த்துச் சொன்னாள். கதவுக்குள் மூடி வைத்த தண்ணீர்ச் சத்தமும் அத்தையின் மீன் கேலியும் எல்லாமே வெளியே வந்தது. பெரியவள் கத்தியை வைத்துவிட்டுக் கட்டிக்கொண்டாள். "இது வியாதிடி. நீ கெட்டவ இல்ல" என்றாள். "யார்கிட்டயும் சொல்லிடாதக்கா" என்றதற்கு, "ஈ காக்காவுக்குக்கூடத் தெரியாது, போதுமா" என்றாள்.

அடுத்த நாளே டாக்டரிடம் கூட்டிப்போனதும் பெரியவள்தான். அதை இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். டாக்டரம்மா நிதானமாகக் கேட்டுவிட்டு, "நினைப்பு வர்றது வேற, செய்யணும்னு நினைக்கிறது வேற. இந்த நினைப்பு வந்து இவ்வளவு பயப்படுறீங்களே, அந்தப் பயமே உங்க குழந்தை மேல இருக்கிற பாசம்தான். இதுக்கு மருந்து இருக்கு, சரியாகிடும்" என்றார். மாத்திரையும் பேச்சுமாக, மெல்ல மெல்ல, சரியாகத்தான் ஆனது. போன மாதம் ஒருநாள் சின்னவள் டப்பில் தண்ணீர் நிரப்பி, மொட்டையை அதில் உட்காரவைத்து, நிஜமாகவே குளிப்பாட்டினாள். தலையில் தண்ணீர் விழுந்ததும் மொட்டை வீடு அதிரக் கத்தினாள். வெளியே அத்தைக்கு ஒரே ஆச்சரியம். "இத்தனை நாள் சமத்தா குளிச்சா, இன்னிக்கு என்ன புதுசா அழறா? பல்லு வருதோ?" என்றார். உள்ளே சின்னவள் சிரித்தாள். பிள்ளை பெற்றபிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

இப்போது மேடையில் பெரியவள் அந்த ஈரத்துணியையும் வெறுமனே ஊற்றிய தண்ணீரையும் சொல்லிமுடித்திருந்தாள். ஹாலில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். அழவைத்த கூட்டத்தைக் கொஞ்சம் சிரிக்கவைக்க வேண்டும் என்பது பேச்சாளருக்குத் தெரியாதா என்ன. "வெளிய மாமியார் துண்டோட உக்காந்திருக்காங்க. பாவம், அவங்களுக்கு என்ன தெரியும். 'போதும்மா, மீன் வளக்கப் போறியா'ங்கிறாங்க."

ஹால் முழுக்கச் சிரித்தது. சின்னவளின் கணவன்கூட, பாதி கவனத்தில், சிரிக்க வாயெடுத்துப் பாதியில் நிறுத்தினான். சிரிக்காமல் இருந்தது அத்தை ஒருவர்தான். அவர் மேடையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகக் கையை நீட்டி, சின்னவள் மடியிலிருந்த மொட்டையின் அக்குளில் விரல் கொடுத்து, தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"குடும்மா," என்றார், பார்வையைத் திருப்பாமல். "உனக்குக் கை வலிக்கும்."

ஈயும் காக்காயும் மட்டும்தான் அந்த ஹாலில் இல்லை. மற்றபடி ஊரே இருந்தது.

வீட்டுக்கு வந்தபின் அத்தை சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். குழந்தையைத் தோளில் போட்டபடியே கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, "டீச்சருன்னு சொன்னா எனக்குத் தெரியாதா?" என்று மட்டும் கேட்டார்.

"அத்தை, இப்ப எனக்குச் சரியாயிடுச்சு. நானே உங்ககிட்ட சொல்லணும்னுதான்…"

"தினமும் துண்டோட உக்காந்திருந்தேனேம்மா." அத்தை தோளில் கிடந்த குழந்தையின் முதுகைத் தட்டினார். "எதிர்வீட்டுல, மாடிவீட்டுல எல்லார்கிட்டயும் பெருமை அடிச்சுகிட்டேன், எங்க புள்ள தண்ணிக்கு அழவே அழாதுன்னு. உள்ள இவ்வளவு நடந்திருக்கு. நான் கேனச்சி மாதிரி மீன், மீன்னு சொல்லிட்டிருந்திருக்கேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா உனக்கு?"

ஏமாந்தது தான் மட்டும் இல்லை என்று அப்போதுதான் சின்னவளுக்கு உறைத்தது. அந்தச் சத்தத்தை நம்பிய மனுஷியும் ஏமாந்துதான் போயிருந்தார். அதனால் அத்தை மேல் கோபப்படக்கூட அவளால் முடியவில்லை. கோபம் முழுவதும் ஒரே திசையில் போய் நின்றது.

கணவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெட்டவன் இல்லை. கார் ஓட்டப் பழக்குகிறவர்களின் வண்டியில் பக்கத்து இருக்கையின் கால்மாட்டிலும் ஒரு பிரேக் உண்டு. வருஷக்கணக்காக அதன்மேல் காலை வைத்தபடியே பிழைப்பு நடத்துகிறவன் அவன். ஓட்டுகிறவரிடம் 'நல்லா ஓட்டுறீங்க, பயப்படாதீங்க' என்று வாய் சொல்லும், கால் மட்டும் பிரேக்கை விட்டு நகராது. அன்று சாயங்காலம் "எனக்கு உன்மேல நம்பிக்கை இருக்கு" என்று சின்னவளிடம் சொன்னான். சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்துப்போய்க் குளியலறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றினான்.

மறுநாள் காலையில் அத்தை, மடங்காத முட்டியோடு ஸ்டூலைக் குளியலறைக்குள்ளேயே போட்டு, பல்லைக் கடித்துக் குனிந்து, மொட்டையைத் தானே குளிப்பாட்டினார். சின்னவள் துண்டைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். அந்தக் காலை முழுக்க, கூடத்தில் குழந்தையோடு தனியாக இருந்தால் யாராவது ஒருவருக்கு அங்கே ஏதாவது தேட வேண்டியிருந்தது. பால் கொடுக்கும்போது கதவு தானாகத் திறந்தது. பயந்து பயந்து மீட்டெடுத்த பிள்ளை. இப்போது கேட்டு வாங்கித் தூக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும்விட மோசம், கடைக்குப் போய்க் கல்லில் லென்ஸைப் பிடிக்கும்போது அவளுடைய விரல் லேசாக நடுங்க ஆரம்பித்தது. எல்லாரும் தன் கையையே பார்த்தால் கைக்கும் தன்மேல் சந்தேகம் வந்துவிடும்போல.

அன்று மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அவள் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெரியவளின் அறையில் சுவர் நிறையச் சிரிக்கும் குழந்தைகளின் படம். கூட்டத்தில் கொடுத்த பூங்கொத்து மேசைமேல் தண்ணீர் ஜாடிக்குள் நின்றுகொண்டிருந்தது. பெரியவள் முகம் மலர, "நானே கூப்பிடணும்னு இருந்தேன், எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"நல்லா இருந்துச்சு. குழந்தைய எங்கிட்டேர்ந்து எடுத்துட்டாங்க."

பெரியவளுக்கு விஷயம் புரியச் சிறிது நேரம் ஆனது. புரிந்ததும் நாற்காலியில் சாய்ந்தாள். "பேரு சொன்னேனாடி? ஊரச் சொன்னேனா? அடையாளம் தெரியக்கூடாதுன்னு எவ்வளவு மாத்தினேன்."

"மீன மாத்தலையே."

"உங்க அத்தைய நீ கூட்டிட்டு வருவேன்னு நான் நினைக்கவே இல்ல. எல்லாரும் வாங்கன்னு சும்மா ஒரு வார்த்தைக்குத்தான் சொன்னேன்."

"அவங்க வரலைன்னா சொன்னது சரியாக்கா?" என்றாள் சின்னவள். பிறகு, கேட்கக்கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்ததைக் கேட்டாள். "இதுதான் முதல் தடவையா?"

பெரியவள் பூங்கொத்தைப் பார்த்தாள். "வார்டுல சில தடவை."

"எப்பலேர்ந்து?"

அதற்குப் பெரியவள் பதில் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. அந்த மீன் ஜோக்கை எந்த இடத்தில் நிறுத்தி, எந்த இடத்தில் குரலை மாற்றிச் சொன்னாள் என்பதை யோசித்தாலே போதும், பலமுறை சொல்லிச் சொல்லித் தேய்ந்த வழவழப்பு அதில் இருந்தது. தேய்க்கிற வேலைக்காரிக்கு அது தெரியாமல் போகுமா. தான் இன்னும் காய்ந்த மூலையில் துண்டை விரித்துக்கொண்டிருந்த காலத்திலேயே அந்தக் கதை வார்டு வார்டாகப் போய்க் குளித்துவிட்டு வந்திருக்கிறது.

"கோபப்படு, பரவாயில்ல," என்றாள் பெரியவள், மேசைக்கு மேல் கையை நீட்டி. "ஆனா ஒண்ணு கேளு. நேத்துக் கூட்டம் முடிஞ்சதும் ஒரு பொண்ணு வந்து என் கையப் பிடிச்சுகிட்டு அழுதா. எனக்கும் அந்த நினைப்பு வருது மேடம், என்னைத் தவிர யாருக்குமே வராதுன்னு நினைச்சேன்னா. இன்னிக்கு டாக்டரப் பாத்தாச்சு. அவளக் காப்பாத்தினது உன் கதைதான்டி."

"நல்லது. அவ நல்லா இருக்கட்டும்." சின்னவள் கையைக் கொடுக்கவில்லை. "உன் கதையச் சொல்லிக் காப்பாத்தியிருக்கலாமே. உனக்கும் ஒண்ணு இருக்கே."

பெரியவள் எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்தினாள்.

சின்னவள் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது அது. பெரியவள் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். ஒருநாள் பிற்பகல், அம்மா அசந்து தூங்கிக்கொண்டிருக்க, பெரியவள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வந்தபோது கை வெறுமையாக இருந்தது. செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, "பஸ் ஸ்டாப்புல இருக்கான். அங்க நல்லா இருப்பான்" என்றாள். சின்னவள் யூனிபார்மோடு ஓடினாள். பெஞ்சில் கிடந்தான், விரலைச் சூப்பிக்கொண்டு. பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்ற ஓர் அம்மாள், யாரோ வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். 'எங்க அக்கா மறந்துட்டாங்க' என்று சொல்லிவிட்டு அவனை நெஞ்சோடு அணைத்து வீடு வந்து சேர்ந்தாள். அம்மா இன்னும் எழுந்திருக்கவில்லை. பெரியவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லாத" என்றாள். அதுவும் ஒரு நோய் என்று சொல்லித்தர அன்றைக்கு யாருமில்லை. சின்னவளுக்கும் தெரியாது. தெரியாமலேயே ரகசியத்தைக் காத்தாள். அம்மாவிடம் சொல்லவில்லை, பின்னாளில் தன் கணவனிடமும் சொல்லவில்லை. இப்போது அந்தப் பையனுக்கு மீசை அரும்பிவிட்டது, இவள் தேய்த்துக் கொடுத்த கண்ணாடியைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறான்.

கதவைச் சாத்திவிட்டு வந்த பெரியவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அத யார்கிட்டயாவது சொல்லிட்டியா?"

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடிபட்ட இடத்தில் திரும்ப அடித்தால் சில சமயம் சிரிப்புத்தான் வரும். "ஈ காக்காவுக்குக்கூடத் தெரியாதுக்கா," என்றாள். "உன்னோடதுக்குக் கதவு இருக்கு. என்னோடதுக்கு மைக்கா?"

பெரியவள் முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டாள். "என்னால அத வாயால சொல்ல முடியாதுடி. நேத்து வரைக்கும் முயற்சி பண்ணிப் பாத்தேன். வரலை. உன்னோடதச் சொல்லும்போது என்னோடதயும் சேத்துச் சொல்ற மாதிரி இருந்துச்சு." பிறகு நிமிர்ந்தாள். "நான் வர்றேன். உங்க அத்தைகிட்ட நானே பேசுறேன். நான் சொன்னா நம்புவாங்க. எல்லாத்தையும் சரி பண்ணிடுறேன்."

அந்த வார்த்தைக்குச் சின்னவள் மசிந்தாள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள். அக்கா வந்து நாலு வார்த்தை சொன்னால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தாள். விடிந்தால் டப்பில் தண்ணீர் நிரப்பலாம்.

மறுநாள் காலையிலேயே பெரியவள் ஆரஞ்சுப் பழப் பையோடு வந்தாள். அத்தை மரியாதை குறையாமல் உட்காரச் சொன்னார், காபி கொடுத்தார். கணவன் வேலைக்குக் கிளம்பாமல் சாவிக்கொத்தைக் கையில் வைத்தபடி வாசலில் நின்றான். மொட்டை பெரியம்மாவின் வளையலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

பெரியவள் அழகாகப் பேசினாள். இது உடம்புக்கு வரும் காய்ச்சல்போல மனசுக்கு வரும் நோய், யார் குற்றமும் இல்லை, தங்கை தேறிவிட்டாள், டாக்டரே சொல்லிவிட்டார் என்றெல்லாம் சொன்னாள். அத்தை தலையை ஆட்டிக் கேட்டார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகுவதைச் சின்னவள் பார்த்தாள்.

பிறகு அத்தை ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எனக்கு இதெல்லாம் புரியாதும்மா. நீ படிச்சவ, பத்துப் பேருக்குச் சொல்றவ. உன்கிட்டயே கேக்குறேன். குழந்தைய இவகிட்ட தனியா விட்டுட்டு நான் கடைக்குப் போகலாமா? போகலாம்னு நீ சொல்லு, இப்பவே போறேன்."

'போகலாம்' என்பது ஒரே வார்த்தை. டாக்டர் சொன்னதுதான் அது. பெரியவளுக்கு அது நன்றாகவே தெரியும். ஊருக்கெல்லாம் அதைத்தான் எடுத்துச் சொல்கிறாள். சின்னவள் அக்காவின் வாயைப் பார்த்தாள்.

பெரியவள் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். மேடையில் தெரிந்த முகம் அவளுக்கு வந்துவிட்டிருந்தது. "பயப்பட ஒண்ணும் இல்லை," என்றாள். "ஆனாலும், கொஞ்ச நாளைக்கு, கூட யாராவது இருந்தா நல்லதுதான். நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா, நீதானே சொன்னேன்னு என்மேல பழி வந்துடக்கூடாது பாருங்க."

ஊருக்கு உபதேசம் செய்கிறவள் தன் கூடப்பிறந்தவளுக்கு என்று வந்தபோது பிரேக்கில் காலை வைத்துக்கொண்டாள். அத்தையின் இளகிய முகம் மறுபடி இறுகியது. வாசலில் சாவிக்கொத்து ஒருமுறை குலுங்கி அடங்கியது.

அந்த நேரத்தில் சின்னவளின் நாக்கு நுனியில் அந்த பஸ் ஸ்டாப் பெஞ்சு வந்து நின்றது. ஒரு வார்த்தை போதும். 'இவங்க புள்ளைய இவங்க என்ன பண்ணாங்கன்னு கேளுங்க அத்தை.' பெரியவளும் அதைத் தெரிந்துகொண்டாள். தங்கையைப் பார்த்த அவள் கண்ணில் அப்பட்டமான பயம். ஆசையாகத்தான் இருந்தது சின்னவளுக்கு. சொல்லிவிட வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. ஆனால் அந்தப் பெஞ்சில் அக்கா மட்டும் இல்லையே. விரலைச் சூப்பிக்கொண்டு ஒருத்தன் கிடந்தான், அவனைத் தூக்கிவந்தது இந்தக் கைதான். எங்கோ நாலு வாய் மாறி அவன் காதில் விழுந்தால், பெற்றவள் தன்னை விட்டுவிட்டுப் போனாள் என்றுதான் கேட்குமே தவிர, நோய் என்றா கேட்கும்? அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"அடுத்த தடவ டாக்டர்கிட்டப் போறப்ப நீங்களும் வாங்க அத்தை," என்றாள். "யாரும் நடுவுல வேணாம். நீங்களே கேளுங்க. அவங்க என்ன சொல்றாங்களோ அதக் கேட்டு நடப்போம்."

அத்தை அவளை நிமிர்ந்து பார்த்தார். "வர்றேன்," என்றார்.

"இப்ப குளிக்கிற நேரம். மொட்டையக் குடுங்க. கதவத் திறந்தே வைக்கிறேன்."

பெரியவளின் மடியிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு சின்னவள் குளியலறைக்குப் போனாள். டப்பில் தண்ணீர் நிரப்பி முழங்கையால் சூடு பார்த்தாள். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஓட்டை மட்டும் இருந்தது. அத்தை வழக்கமான ஸ்டூலைத் திறந்த வாசலில் போட்டு, துண்டோடு உட்கார்ந்தார். பெரியவள் எழுந்துவந்து அவருக்குப் பின்னால் நின்றாள், ஏதோ சொல்ல வருகிறவள்போல.

சின்னவள் இடது கையால் மொட்டையின் முதுகைத் தாங்கி உட்காரவைத்தாள். விரல் நடுங்குகிறதா என்று பார்த்தாள். நடுங்கவில்லை. வலது கையால் மொண்டு தோளில் ஊற்றினாள். மொட்டை தண்ணீரை அடித்துச் சிரித்தாள்.

"நல்லாப் பாத்துக்கோக்கா," என்றாள் சின்னவள், திரும்பாமல். "அடுத்த கூட்டத்துல இதையும் சொல்லணும்ல."

பின்னால் வளையல் சத்தம் கேட்டது, செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது, வாசற்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவள் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தாள். டப் நிறைந்து தரையில் வழிந்து வாசல் வரை ஓடி அத்தையின் காலை நனைத்தது. அத்தை குழந்தையைப் பார்க்கவில்லை, அவளுடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மீனைப் பற்றி அவர் ஏதாவது சொல்வாரா என்று சின்னவள் இன்னொரு முறை மொண்டு ஊற்றினாள், அதற்கு மேலும் ஒரு முறை ஊற்றினாள். போதும் என்று யாரும் சொல்லவில்லை.